பழைய ஜி.பி.எஸ். நேர ரிசீவர்: புது பேட்டரிக்கு முன் நினைவகத்தைக் காலி செய்தல்

1990களைச் சேர்ந்த எட்டு சேனல் ஜி.பி.எஸ். நேர ரிசீவர் போர்டு (செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து துல்லியமான நேரத்தையும், விநாடிக்கு ஒருமுறை பல்ஸ் எனும் மின் துடிப்பையும் தருவது) ஒன்றை, பெங்களூரு எஸ்.பி. சாலையில் பழைய பொருள்களுக்கிடையே வாங்கி வந்து, கிருஷ்ணகிரி பழையபேட்டையிலுள்ள வீட்டின் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து இணைத்தேன். ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் சரியாகச் சென்றும் நெடுநேரம் ஒரு செயற்கைக்கோளும் பிடிபடவில்லை. கணினியில் வந்த தரவைப் பார்த்தபோது காரணம் விளங்கியது: போர்டு தன்னை இன்னும் வட அமெரிக்காவில் இருப்பதாகவே கருதிக்கொண்டிருந்தது.

எந்தச் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் இருக்கும் என்பதை இத்தகைய ரிசீவர்கள் கடைசியாக அறிந்த இடம், நேரம், அல்மனாக் (எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதை விவரம்) ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு, அவற்றை மட்டுமே முதலில் தேடுகின்றன. இம்மூன்றையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பதே போர்டிலுள்ள சிறு பேட்டரியின் வேலை. என் போர்டில் அது 2.1 வோல்ட்டில் இருந்தது. புதிய நேரத்தைச் சீராக ஓட்டப் போதாது, பழைய நினைவை அழியவிடாமல் வைக்க மட்டும் போதும். முற்றிலும் செத்த பேட்டரியைவிட அரைகுறையாக உயிருள்ள பேட்டரியே அதிகத் தொல்லை தருகிறது என்பது என் முடிவு. ஆகவே புது பேட்டரியை உடனே பொருத்தாமல், முதலில் நினைவகத்தைக் காலி செய்ய வேண்டும்.

பழைய பேட்டரியைக் கழற்றியபோது அதன் காலடியில் வெண்மையான படிவு இருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு அதைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். பிறகு மின்சாரமும் பேட்டரியும் இல்லாமல் ஓர் இரவு முழுவதும் போர்டை வைத்திருந்து, மறுநாள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் கட்டளையையும் அனுப்பினேன். அதன்பின் அது எந்த முன்முடிவும் இல்லாமல் வானம் முழுவதும் தேடத் தொடங்கி, சில நிமிடங்களில் முதல் செயற்கைக்கோளைப் பிடித்தது.

அப்போது காட்டிய நேரம் கைப்பேசியைவிட 18 விநாடி முந்தியிருந்தது. இது பழுதன்று. 2017 ஜனவரி 1 முதல் ஜி.பி.எஸ். நேரம், உலகக் கடிகாரங்களுக்கு அடிப்படையான யு.டி.சி. நேரத்தைவிட 18 விநாடி முன்னே இருக்கிறது. அந்த வேறுபாட்டைச் சொல்லும் தரவுப் பக்கம் செயற்கைக்கோளிலிருந்து 12.5 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் ஒலிபரப்பாகும். அது வந்து சேர்ந்ததும் நேரம் தானாகச் சரியானது. தேதி மட்டும் 1,024 வாரம் பின்தங்கியே நிற்கிறது. வார எண்ணுக்குப் பழைய சமிக்ஞையில் 10 பிட்கள் மட்டுமே இருப்பதால், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்; இதை எந்த ரீசெட்டும் மாற்றாது. ட்ரிம்பிள் தண்டர்போல்ட் என்ற இன்னொரு ஜி.பி.எஸ். நேரக் கருவியும் இதே காரணத்தால் 2017 ஜூலை 30 அன்று 1997 டிசம்பர் 14க்குத் திரும்பியது. கணினியில் 7,168 நாள்களைக் கூட்டிக்கொண்டால் போதும். விநாடிக்கு ஒருமுறை வரும் பல்ஸின் துல்லியத்தை இது தொடுவதில்லை.

ரீசெட் செய்தால் ஆன்டெனாவின் நிலையான இடமும் அழிந்துவிடும். அதை ரிசீவரே மீண்டும் அளந்து சராசரி எடுக்க விடுவது நல்லது. வரைபடத்தில் உள்ள கடல்மட்ட உயரத்தைக் கையால் உள்ளிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தென்னிந்தியாவில் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் நீள்வட்டக் கோள உயரம் (பூமியைச் சீரான நீள்வட்டக் கோளமாகக் கொண்டு அளப்பது), கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் அதிகமாகக் குறைவு. ஒளி ஒரு மீட்டரைக் கடக்க 3.3 நானோ விநாடி ஆவதால், இந்த ஒரு குழப்பமே பல்ஸைக் கால் மைக்ரோ விநாடி வரை நகர்த்திவிடக்கூடும். நானோ விநாடிகளுக்காகவே இப்படிப்பட்ட போர்டை வாங்குகிறோம் என்பதால் இதை அற்பமாக எண்ண முடியாது. கோட்டை மலை என் வானத்தின் ஒரு பக்கத்தை மறைப்பதால், தாழ்ந்த கோணத்துச் செயற்கைக்கோள்களைத் தவிர்க்கும் வரம்பை 15 பாகையாக வைத்தேன்.

இவை முடிந்த பிறகே பேட்டரிக்கு வந்தேன். முதலில் இருந்தது சார்ஜ் ஏறும் வகை. அதே இடத்தில் சார்ஜ் ஏற்றக்கூடாத சி.ஆர். 2032 வகை நாணய பேட்டரியை நேரடியாக வைப்பது ஆபத்தானது. எனவே வெளியே ஒரு ஹோல்டர் வைத்து, போர்டிலிருந்து பேட்டரிக்குள் மின்சாரம் ஏறாமல் தடுக்க, கசிவு குறைவான ஷாட்கி டயோடு வழியாக இணைத்தேன். தொடரில் ஒரு கிலோ ஓம் மின்தடை வைத்து அளந்தபோது அதன் குறுக்கே 20 மில்லி வோல்ட் வந்தது. அதாவது 20 மைக்ரோ ஆம்பியர். சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி, தொடர்ந்து அதை மட்டுமே நம்பியிருந்தாலும் 15 மாதம் தாங்கும். ரிசீவர் நேரம் பிடித்து அல்மனாக் முழுவதும் வாங்கிய பின்னரே பேட்டரியை ஹோல்டரில் செருகினேன்.

இப்போது கரண்ட் சிறிது நேரம் போய் வந்தால், எபிமெரிஸ் (ஒவ்வொரு செயற்கைக்கோளின் துல்லியமான, சில மணி நேரமே செல்லும் பாதை விவரம்) இன்னும் செல்லுபடியாவதால், ஒரு நிமிடத்துக்குள் பல்ஸ் திரும்புகிறது. இரவு முழுவதும் அணைத்து வைத்தால் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியுள்ளது. கரண்ட் இல்லாதபோதும் பல்ஸ் நிற்காமல் வர வேண்டுமானால் இந்தப் பேட்டரி உதவாது என்பதால், அடுத்ததாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் தரும் தனிச் சப்ளை ஒன்றை அமைக்கவிருக்கிறேன்.