லேப் நாட்குறிப்பு: டிரைகிளிசரைடு

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் ஒரு ரத்த சாம்பிளை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால், மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பால் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. லாரி ஓட்டும் அண்ணன், நாற்பது தாண்டியிருக்கும். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 1,140. இருக்க வேண்டியது 150க்குள். 500 தாண்டினாலே கணையம் வீங்கும் ஆபத்து தொடங்கிவிடும், ஆயிரத்துக்கு மேல் என்றால் காத்திருக்கவே கூடாது, அதனால் ரிப்போர்ட் பிரிண்ட் ஆவதற்கு முன்பே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். "மேல்வயிறு வலிச்சு முதுகுப் பக்கம் பாஞ்சா, கேஸ்னு சோடா குடிச்சுட்டு இருக்காதீங்க அண்ணா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவரிடமும் சொன்னேன்.

கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல்லை வழக்கம்போல் கணக்குப் போட்டு எழுத முடியவில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிற ஃப்ரீட்வால்டு கணக்கு 1972லிருந்து இருக்கிறது, ஆனால் டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அதை நம்ப முடியாது. நேரடி எல்டிஎல் டெஸ்ட்தான் போட வேண்டியிருந்தது.

மார்ச் 7, வெள்ளி

"எண்ணெயே ஊத்துறதில்லப்பா, எப்படி டிரைகிளிசரைடு 240 வந்துச்சு?" என்று ஒரு அம்மா கலங்கிப் போய்க் கேட்டார். எச்டிஎல் வேறு 34தான். காலையில் நாலு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, நடுவில் சர்க்கரை போட்ட காபி, ராத்திரி தோசை. உடம்புக்குத் தேவை போக மிஞ்சுகிற மாவையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது என்று சொன்னேன். நம் ஊரில் நிறையப் பேருக்கு இதே ஜோடிதான், டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் கம்மி, கூடவே தொப்பை. சுகர் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலும், தைராய்டு குறைந்திருந்தாலும் இது ஏறும், அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கம்மா என்றேன்.

மார்ச் 12, புதன்

இன்றும் பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வந்தார்கள். வெறும் வயிறு என்றால் 9லிருந்து 12 மணி நேரம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தின ராத்திரி சரக்கு அடித்திருந்தாலும் எண் எகிறும். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கும் ஒரு கணக்கு உதவும்: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்தால் வருவது. மாரடைப்பு ஆபத்தைச் சொல்வதில் டிரைகிளிசரைடைவிட அந்த எண்ணைத்தான் நான் மதிக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

லாரி அண்ணன் திரும்ப வந்தார். குடியை விட்டிருக்கிறார், டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் இரண்டும் போடுகிறார். டிரைகிளிசரைடு 286. சீரம் தெளிந்திருந்தது, பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். "அப்போ மாத்திரைய நிறுத்திடலாமா தம்பி?" என்றார். வேண்டவே வேண்டாம் அண்ணா. 2022ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள், ஃபெனோஃபைப்ரேட் வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட் மாத்திரையில் டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கியது, ஆனாலும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. இதயத்துக்குக் காவல் அந்த ஸ்டாட்டின்தான், டாக்டர் சொல்லாமல் அதில் கை வைக்காதீங்க என்று சொல்லி, ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து நேரே டாக்டரிடம் அனுப்பினேன்.