கால் கிலோ கம்பு மாவு

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த நேரம். எங்கே திரும்பினாலும் கம்பு, தினை, சாமை என்றே பேச்சு. மதுரையில் எங்கள் தெருவிலேயே கம்பு இட்லி மாவு விற்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சாய்த்து மாவு எடுக்கிற பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டருக்குக் கடன் வாங்கக்கூடத் துணிந்துவிட்டேன். அம்மாதான் தடுத்தார்: "முதல்ல வீட்டு கிரைண்டர்ல அரைச்சுக் குடுத்துப் பாரு." அன்று அவர் பேச்சைக் கேட்டது பெரிய புண்ணியம்.

முப்பது வீடுகளுக்குச் சும்மா கொடுத்தேன். முப்பது பேரும் "அருமை" என்றார்கள். அதை நம்பி உணவுப் பாதுகாப்புப் பதிவை முடித்தேன். ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அப்போது பதிவு மட்டும் போதும், வருடத்துக்கு 100 ரூபாய். கிலோ 80 ரூபாய் என்று விலை வைத்தேன். முதல் வாரம் ஒன்பது பேர் வாங்கினார்கள். அடுத்த வாரம் இரண்டே பேர்.

மனசு கேட்கவில்லை. மாடி வீட்டு அக்காவிடம் போய், "குறை எதுனாலும் சொல்லுங்கக்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். பாதி காலியான என் பாக்கெட், புளித்துப்போய் ஒரு மூலையில் கிடந்தது. "இட்லி கறுப்பா இருக்குன்னு பிள்ளைங்க தொட மாட்டேங்குதுங்க. சுகர் இருக்குன்னு மாமாவுக்கு மட்டும் ராத்திரி ரெண்டு தோசை ஊத்துறேன். ஒரு கிலோவை வச்சு நான் என்னம்மா பண்றது?"

முப்பது பாராட்டில் கிடைக்காதது அந்த ஃபிரிட்ஜில் கிடைத்தது. நான் குடும்பத்துக்கு இட்லி மாவு விற்க நினைத்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஆளுக்குத் தோசை மாவு. அன்றே 'இட்லி' என்ற சொல்லை எடுத்துவிட்டு, கால் கிலோ பாக்கெட் போட்டேன், 25 ரூபாய். இந்த முறை யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை. யார் இரண்டாவது தடவை வாங்குகிறார்கள் என்பதை மட்டும் நோட்டில் குறித்து வந்தேன். மூன்றாவது வாரம் பதினாறு வீடு தொடர்ந்து வாங்கியது.

அதற்குள் சித்திரை வெயில். ராத்திரி அரைத்துக் காலையில் கொடுத்த பாக்கெட்டெல்லாம் மதியத்துக்குள் தலையணை மாதிரி உப்பின. மாவு பொங்கும்போது வரும் வாயு வெளியேற வழியில்லை. ஊசியால் ஓட்டை போட்டேன், பையெல்லாம் ஒழுகியது. கடைசியில் நேரத்தையே மாற்றினேன். மதியம் ஐஸ் தண்ணீர் விட்டு, கிரைண்டர் சூடேறாமல் அரைத்து, புளிக்குமுன்னே சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுத்துவிடுவேன். புளிப்பது அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் நடக்கட்டும். அரைத்த நேரத்தைப் பாக்கெட்டில் பேனாவால் எழுதுகிறேன். அதைப் பார்த்துத்தான் வாங்குவதாகப் பலர் சொல்கிறார்கள்.

டில்டிங் கிரைண்டர் இன்னும் வாங்கவில்லை. நேற்று அக்கா மாடியிலிருந்தே குரல் கொடுத்தார்: "வியாழக்கிழமை கேழ்வரகு போடும்மா, மாமா கேக்குறாரு." எட்டுப் பாக்கெட்டுக்கு மட்டும் ஊறப்போட்டிருக்கிறேன்.