ஆச்சிக்கு வந்தது மெத்தனம் இல்லைங்க

டோபமின்னாலே சந்தோஷ ஹார்மோன்னு ரீல்ஸ் போடுறாக, அது பாதிக் கதைகூட இல்ல. ஒரு வேலைய தொடங்கணும்ங்கற உந்துதல், கை கால் அசைவு, ஒன்ன மனசுல புடிச்சு வச்சுக்கிட்டே இன்னொன்ன பாக்குறது, எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு. அது மூளைக்குள்ள சேதி கடத்துற ரசாயனம்னு 1957ல அர்விட் கார்ல்சன் கண்டுபுடிச்சாரு, 2000ல நோபலும் குடுத்தாக. ஆனா பொண்ணுங்க உடம்புல முக்கிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இந்த டோபமின எப்புடி ஏத்தி இறக்குதுன்னு நம்ம வீடுகள்ல பேச்சே கிடையாது.

எங்க காரைக்குடி தெருவுல ஒரு ஆச்சி பலகாரம் போட்டு விக்கிறாக, வயசு ஐம்பத நெருங்குது. மனகோலத்துக்கு வெல்லப்பாகு கொதிக்கும், ஒரு சொட்டு தண்ணியில விட்டு உருட்டிப் பாத்துக்கிட்டே போன்ல கல்யாண ஆர்டரும் கேட்டுக்குவாக, சீப்புச்சீடை எத்தனை கிலோ, அதிரசம் எத்தனைன்னு நோட்டே வேணாம், அப்புடியே மனசுல நிக்கும். இப்ப கொஞ்ச நாளா போனை வச்ச உடனே கணக்கு போயிடுது, அடுப்பு முன்னாடி நின்னு யோசிக்கிறாக. வீட்டுல இருக்கவுக "மெத்தனம் வந்துருச்சு"ங்கறாக. அத கேட்டா எனக்கு அவ்வளவு கோவம் வருது, ஏன்னா இந்த வயசுல ஈஸ்ட்ரோஜன் மாறுறதும் காரணமா இருக்கலாம்.

ஈஸ்ட்ரோஜன்ல முக்கியமானது எஸ்ட்ரடயால். அது டோபமின் தயாரிப்பையும் கூட்டுது, மூளையில ஸ்ட்ரையேட்டம்ங்கற பகுதியில வெளிவர்ற அளவையும் கூட்டுது, இத எலிகள்ல நல்லாவே பாத்திருக்காக. டோபமின உடைக்கிற காம்ட்னு ஒரு என்சைம் இருக்கு, அதையும் அடக்கி வைக்குது. மாசாமாசம் கருமுட்டை வெளிவர்றதுக்கு முன்னாடி எஸ்ட்ரடயால் ஏறும், பீரியட்ஸுக்கு முன்னாடி சர்ருன்னு இறங்கும், ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காத குறைபாடு) இருக்க பொண்ணுங்க நெறைய பேரு அந்த நாள்ல கவனமே நிக்கலன்னு சொல்றது சும்மா இல்ல. மெனோபாஸ் நெருங்குற வருஷங்கள்ல இன்னும் கஷ்டம், ஏன்னா அது நிதானமா இறங்காம தாறுமாறா ஏறி இறங்கும், மூளை எதுக்குன்னு பழகும்.

அதுக்காக ஈஸ்ட்ரோஜன் கூடக்கூட எல்லாருக்கும் நல்லதுன்னும் நெனைக்காதீக. 2011ல மூளை ஆராய்ச்சியாளருங்க எமிலி ஜேக்கப்ஸும் மார்க் டி'எஸ்பொசிட்டோவும் வெளியிட்ட ஆய்வுல, மரபணுவாலயே டோபமின் கம்மியா இருக்க பொண்ணுங்களுக்கு எஸ்ட்ரடயால் ஏறுன நாள்ல ஒன்ன மனசுல புடிச்சு வச்சுக்குற அந்த தற்காலிக ஞாபகம் நல்லா வேலை செஞ்சுது, ஏற்கனவே கூட இருந்தவுகளுக்கு அதே நாள்ல சறுக்குச்சு. பாகு மாதிரிதான், இளசா இருந்தாலும் ஆகாது, முத்துனாலும் ஆகாது. ஆளுக்கு ஆள் பதம் வேற, அதனால பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்னும் ஆகலையே உனக்கென்னன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல.



மறதின்னா எல்லாமே ஹார்மோன்தான்னும் முடிவு கட்டிடாதீக. தைராய்டு, ரத்தசோகை, பி12, தூக்கம் கெடுறது, இதெல்லாம் மொதல்ல பாக்கணும், ஆச்சிகிட்டயும் அதத்தான் சொல்லிருக்கேன். டாக்டர்கிட்ட போறப்ப கடைசியா பீரியட்ஸ் வந்த தேதி, ராத்திரி வேர்க்குதா, எந்தெந்த நாள்ல மறதி கூடுதுன்னு காலண்டர்ல குறிச்சு எடுத்துட்டுப் போங்க. ஹார்மோன் மாத்திரை பேச்சு வந்தா மார்பகப் புத்துநோயோ ரத்தம் கட்டுன பிரச்சனையோ முன்னாடி இருந்துச்சுன்னா கண்டிப்பா சொல்லிடுங்க, நீங்களா மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடாதீக.