தட்டைப்புழுவின் முளையவியலை நான் இரண்டாம் முறை படித்த விதம்

உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலை ஆங்கிலத்தில் எழுதப் புகும் நம்மவர்களுக்குச் சொற்கள்தான் முதல் இடறல் என்பார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. நன்னீர்த் தட்டைப்புழுவின் முளைய விருத்தியை விளக்குமாறு இடைத்தேர்வில் கேட்டபோது, தவளையின் பிளவையே, அதாவது கருவுற்ற முட்டை பல கலங்களாகப் பிரிவதையே, சற்று மாற்றி எழுதி, நடுவில் குழியுள்ள ஓர் உருண்டையை நிழல் தீட்டி நேர்த்தியாக வரைந்து கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் அந்தப் படத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த வாடகை அறையில் அதே பாடத்தை மறுபடி எடுத்தபோது, முளையத்துக்கு உணவாகும் கருவூண் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்கினேன். தவளையில் அது முட்டைக்குள்ளேயே இருக்கிறது. பிளனேரியா எனப்படும் இந்த நன்னீர்த் தட்டைப்புழுவிலோ அது தனிக் கருவூண் கலங்களாக, நுகங்கள் எனப்படும் கருவுற்ற முட்டைகளுக்கு வெளியே நின்று அவற்றைச் சூழ்ந்திருக்கிறது. பல நுகங்களும் ஆயிரக்கணக்கான கருவூண் கலங்களும் ஒரே முட்டைக்கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. இட்டவுடன் வெளிறியிருக்கும் இக்கூடு பின்னர் கடுங்கபில நிறமாக இறுகும். ஒரு பனங்காய்க்குள் மூன்று நுங்கு இருப்பதை நினைத்துக்கொண்டால் ஒரு கூட்டிலிருந்து பல குஞ்சுகள் வருவது மறக்காது. விடைத்தாளில் மட்டும் இந்த உவமையை எழுதிவிட வேண்டாம்.

உணவு வெளியே இருப்பதால் முளையம் அதை உண்டாக வேண்டும். பாடத்தின் மீதி முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. பிளவால் உண்டாகும் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதில்லை. அருகிலுள்ள கருவூண் கலங்கள் எல்லை கரைந்து ஒரே திணிவாகிவிட, அதற்குள் இந்தப் பிளவுக்கலங்கள் சிதறிக் கிடக்கின்றன. இந்நிலைக்குப் பிளவுக்கலங்களின் அராஜகம் என்றே பெயர் உண்டு. நான் வரைந்த குழியுருண்டைக்கு இங்கே இடமேயில்லை. பின்பு சில கலங்கள் மெல்லிய புறப்போர்வையாகவும், சில தற்காலிகத் தொண்டையாகவும், சில எளிய குடலாகவும் மாற, முளையம் சுற்றியுள்ள கருவூண் கலங்களை விழுங்கிப் பந்துபோல் உப்புகிறது. இதன் பின்னரே, வேறுபாடடையாது எஞ்சியிருந்த கலங்களிலிருந்து மூளை, கண், நிலையான தொண்டை ஆகியவை உருவாகின்றன. தற்காலிகத் தொண்டை அழிந்துபோகிறது. இவ்விரு தொண்டைகளையும் ஒன்றாக எழுதுவதே எங்கள் வகுப்பில் பலர் செய்த பிழை.

விருத்தியை எட்டு நிலைகளாகப் பிரிப்பார்கள். எண்களை மனனம் செய்வதைவிட, சிதறல், விழுங்கல், உப்பிய பந்து, நீண்ட புழு என நான்கு படங்களைப் புத்தகம் பாராமல் வரையும்வரை பழகுவதே எனக்கு உதவியது. ஷ்மிட்டியா மெடிட்டெரேனியா என்ற பிளனேரியா இனத்தில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும் என்பதை எழுதும்போது வெப்பநிலையையும் சேர்த்தே எழுதுங்கள். அது யாழ்ப்பாணத்து வெயிலுக்குரிய கணக்கு அன்று. குடம்பிப் (லார்வா) பருவம் இங்கு இல்லை. முல்லரின் குடம்பி கடல்வாழ் தட்டைப்புழுக்கள் சிலவற்றுக்கே உரியது.

செய்முறைத் தேர்வில் மூன்றாவது நுணுக்குக்காட்டியின் கீழ் வட்டமான ஒரு வெட்டுமுகம் இருந்தது. முதற் பார்வைக்கு என் பழைய குழியுருண்டை போலவே தெரிந்தது. குவியத்தை மெதுவாகத் திருப்பியபோது, உள்ளே நிறைந்திருந்தவை விழுங்கப்பட்ட கருவூண் கலங்கள் என்பதும், ஒரு முனையில் குமிழ்போல் தசைத்தொண்டை இருப்பதும் புலப்பட்டன. மணி அடிப்பதற்குள் 'தற்காலிகத் தொண்டை' என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.