மீன்பிடித் தடைக்காலத்துக் குறிப்புகள், பாம்பன்

2025 ஏப்ரல் 27

இன்றும் கையாள் பையன் வரவில்லை. ஒன்பது மணி வரை பார்த்துவிட்டு டூல் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போட்டில் ஏறினேன். கரையேற்றிய விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. ஜூன் 14-க்குள் படகுக்காரர்கள், எல்லாச் சம்மாட்டிகளுக்கும் இன்ஜின் வேலை முடிந்தாக வேண்டும். ஹெட்டை இறக்க இரண்டு ஆள் வேண்டும், நான் ஒருவன்தான்.

24-27 ஸ்பேனரைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28

நான்கு தையல். காது மடலில். அவனுடைய அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 30

தெருமுனையில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள், அவளுடைய அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். கேட்டைத் திறந்தேன். டிவி சத்தம் குறைந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை, யார் முகமும் மாறவில்லை. சத்தம் மட்டும் குறைந்தது.

எத்தனை வருஷமாக இப்படி நடக்கிறது? தினமும் நான் வண்டிச் சத்தத்தோடு வருகிறவன். எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்.

மே 2

வெள்ளிக்கிழமை. "ஏர்வாடிக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்பா" என்றார் அம்மா. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்லவில்லை.

அம்மா நல்ல மனதோடுதான் சொல்கிறார். மனம் சரியில்லை என்றால் அங்கே தர்காவில் எல்லா மதத்துக்காரர்களும் போய்ப் படுத்து எழுந்து வருகிறார்கள். எங்கள் பக்கம் ஒருவனைத் திட்டுவதற்கும் அந்த ஊரின் பெயரைத்தானே சொல்கிறோம். 2001 ஆகஸ்ட் 6, எனக்குப் பதினொரு வயது. விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். டீக்கடையில் அப்பா பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்தார், அவருக்கே தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அன்றைக்கும் அம்மாவை அடித்தார். இரண்டும் ஒரே நாளில்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. இப்போது தர்காவுக்கே அரசு டாக்டர்கள் வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்ற அந்த ஏற்பாட்டில் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் என்னுடையது எங்கே தொடங்குகிறது என்று யாராவது உட்கார்ந்து எனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது.

மே 5

இரவெல்லாம் போனில் தேடினேன். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநலம் படித்த டாக்டர். மருந்து எழுதுவது அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேசி, பயிற்சி கொடுத்துச் சரி செய்பவர். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணை நாமே கேட்கலாம். 'கவுன்சிலர்' என்று மட்டும் போர்டு இருந்தால் அவர் என்ன படித்தார் என்று கேட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். பம்பு, நாசில் வாங்கும்போது நம்பர் பார்க்காமல் வாங்குவேனா?

மே 8

நம்பர் பார்க்காமல்தான் போனேன். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கவுன்சிலரிடம். ஊரை எழுதவில்லை. அரை மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. தலையணையை ஓங்கிக் குத்துங்கள், கோபம் வடிந்துவிடும் என்றார். கடைசியில், "வீட்டம்மாவைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க தம்பி" என்றார்.

அவள் இதற்கு மேல் என்ன அனுசரிக்க வேண்டும்? டிவி சத்தம் வரைக்கும் குறைத்தாயிற்று. பஸ்ஸில் வரும்போது கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டே வந்தது. பாலம் வந்ததும் எல்லோரும் எழுந்து புது ரயில் பாலத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 9

தலையணையைக் குத்தினேன். கோபம் கூடத்தான் செய்தது.

மே 10

பெட்ரோல் இருந்தது. இருந்தும் முனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷம் வெளியே நின்றேன்.

மே 13

மதுரையில் ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா வீடியோவில் பார்க்கிறார். பதிவு எண் கேட்டதும் உடனே அனுப்பினார், மனதுக்குப் பிடித்தது. ஆனால் எங்கே உட்கார்ந்து பேசுவது? வீடு ஒரே அறை. போட்டின் இன்ஜின் ரூமுக்குள் இறங்கினேன். மேலே பெயின்ட் அடிப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "என் கோபம்…" என்று ஆரம்பித்தவன் போனை வைத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன்.

மே 17

சார்ஜர் வயர். வெறும் வயர். மகள் மிதித்து அறுத்துவிட்டாள். என் கை தலைக்கு மேலே இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டாள். காதை. அவளுக்கு யார் சொன்னது?

இரவு 2 மணி. தென்கடல் ஓரம். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. 14416-ஐ அழுத்தினேன், டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். ஒரு பெண் குரல். முதலில், "இப்ப உங்களுக்கோ பக்கத்துல இருக்கறவங்களுக்கோ ஏதாவது ஆபத்து இருக்கா?" என்று கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. நேராகக் கேட்டார், திட்டுவதுபோல இல்லை. தூக்கம், குடி, இதற்கு முன் யாரையாவது அடித்தது உண்டா, எல்லாம் கேட்டார். ஸ்பேனரைச் சொன்னேன். எறிந்தேன் என்று சொன்னேன். 'கை தவறி' என்று சொல்லவில்லை. முதல் தடவை.

மே 20

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். "மனநலம்" என்று மெதுவாகச் சொன்னேன், காதில் விழவில்லை, திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் தங்கச்சிமடத்து ஆள் ஒருவரைப் பார்த்தேன். இருவரும் தலையசைத்துக்கொண்டோம். அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு மாதம் பயந்தேன்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். கோபம் தனியாக ஒரு நோய் இல்லையாம். தூக்கமின்மை, குடி, மனச்சோர்வு எதன் பின்னாலும் அது இருக்கலாம், ஆண்களுக்கு மனச்சோர்வே எரிச்சலாக வெளியே வருவதுண்டு என்றார். தூக்கத்தைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் கேட்டார். அடுத்த செவ்வாய் சைக்காலஜிஸ்ட்.

மே 27

வயதில் என்னைவிடச் சின்னவர். 'மேடம்' என்றேன். தலையணை விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். எதையாவது அடித்துக் கோபத்தை வடிப்பது அடிப்பதற்கே பழக்கும், நிறைய ஆராய்ச்சி அதைக் காட்டியிருக்கிறது என்றார்.

நோட்டு போடச் சொன்னார். நேரம், இடம், என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பில் என்ன தெரிந்தது, பத்துக்கு எத்தனை. 5-க்கு முன்னாலேயே அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். "போயிட்டு அரை மணியில வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி திரும்பி வந்து பேச்சை முடிக்க வேண்டும். எனக்கு 5 தெரிவதில்லை மேடம், 0 தெரியும், 10 தெரியும் என்றேன். வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

மே 28

கேட்டேன். அவள் ரொம்ப நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க சாமானை அடுக்க ஆரம்பிப்பீங்க. செருப்பை ஜோடி ஜோடியா வைப்பீங்க, டம்ளரைச் சின்னது பெருசுன்னு வரிசையா வைப்பீங்க. அப்பவே நாங்க சத்தத்தைக் குறைச்சிருவோம்."

மகளுக்கும் தெரியுமாம். ஏழு வயது.

மே 31

காலை 11, போட்டு. தவறான கேஸ்கெட் கொண்டுவந்துவிட்டார்கள். 'என்னை மதிக்கவில்லை' என்று ஓடியது. தாடை இறுகியது. 4. எழுந்து ஐஸ் பிளான்ட் வரை நடந்தேன். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஜூன் 3

மாலை 6, வீடு. 7. சொல்லாமல் போய்விட்டேன். இரவு திரும்பியபோது கதவைத் தாழ் போட்டிருந்தார்கள். நியாயம்.

ஜூன் 8

அவன் வீட்டுக்குப் போனேன். கூலி பாக்கி 3,500-ஐ அவனுடைய அம்மாவிடம் கொடுத்தேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள், மடலின் ஓரம் சுருங்கியிருக்கிறது. "நான்தான் எறிஞ்சேன் தம்பி. உம்மேல தப்பே இல்ல" என்றேன். "சரிண்ணே" என்றான். வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இல்லை.

ஜூன் 10

மேடத்திடம் அப்பாவைப் பற்றிப் பேசினேன். எழுத முடியவில்லை.

ஜூன் 12

போட்டெல்லாம் தண்ணீரில் இறங்கியாயிற்று. அடுத்த சீட்டு 17-ஆம் தேதி.

ஜூன் 13

இரவு 9.40, ஜெட்டி. சம்மாட்டியின் போட்டில் கியர்பாக்ஸ் எண்ணெய் கசிகிறது, நாளை கழித்துக் கடலுக்குப் போக வேண்டுமாம், ஆளாளுக்குக் கத்துகிறார்கள். 'ஒற்றை ஆளாக நான் என்ன செய்ய' என்று ஓடுகிறது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. 2 என்று எழுதினேன். குனிந்து பார்த்தால் ஸ்பேனர்களைப் பலகையில் அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன், 24-27-க்கு மட்டும் இடம் விட்டு. 2-ஐ அடித்துவிட்டேன்.