விரலி மஞ்சளும் செனட்டும்

நேற்று ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கு அப்பிச்சியோடு போயிருந்தேன். ஒரு வியாபாரி எங்கள் மூட்டையிலிருந்து விரலி ஒன்றை எடுத்துப் படக்கென்று முறித்து, உள்நிறத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மேல் மெருகை நம்பி இங்கே யாரும் விலை சொல்வதில்லை.

காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் விசாரணை ஒன்றைப் பார்த்தேன். அங்கே அதிபர் பெயர் சொன்னால் மட்டும் அமைச்சராகிவிட முடியாது. செனட் குழு உட்காரவைத்துக் குடையும், பிறகு வாக்கெடுப்பு. நீதிபதிகளுக்கும் இதே கதிதான்: 1987இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அதிபர் ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க் 42-58 என்று தோற்றுப்போனார். 2017இல் கல்வி அமைச்சர் பெட்சி டிவோஸ், துணை அதிபரின் ஒற்றை வாக்கால் தப்பினார்.

"நம் ஊரில் இப்படி உண்டா கண்ணு?" என்றார் அப்பிச்சி.

இல்லை. நீதிபதி நியமனத்துக்கு இந்த முறை வேண்டாமென்று 1949 மே மாதமே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். அரசியல் அழுத்தம் நுழைந்துவிடும் என்பது அவர் கவலை, நியாயமான கவலைதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைப் பிரதமர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் தேர்ந்தெடுக்கிறார்கள். 2010இல் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் எதிர்த்தும் பி.ஜே.தாமஸை நியமித்தார்கள். 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூட்டை லாரி ஏறிய பிறகு முறித்துப் பார்த்த கதை!

அப்பிச்சி அந்த முறிந்த விரலியைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். குழம்புக்கு ஆகுமாம்.