விடுவிப்புச் சான்றில் யார் யார் பெயர்?

கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்களை அட்வான்ஸ் கொடுத்து ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் கூட்டிப்போகிறார்கள். அவர்களைக் கொத்தடிமை வேலையிலிருந்து நீங்கள் மீட்கிற அன்றைக்கு வண்டி, சாப்பாடு, போலீஸ் என்றே நேரம் போய்விடும். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தரும் விடுவிப்புச் சான்றை, அதாவது இவர்கள் கொத்தடிமையிலிருந்து விடுபட்டார்கள் என்ற தாளை, யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. இனி அந்தக் குடும்பம் எந்த உதவி கேட்டாலும் முதலில் நீட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

சூளைக்காரர் நோட்டில் அட்வான்ஸ் வாங்கிய ஆணின் பெயர் மட்டும் இருக்கும். மண் குழைப்பது, கல் அறுப்பது, காய்ந்த கல்லைத் திருப்பி அடுக்குவது எல்லாவற்றிலும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. நோட்டைப் பார்த்தே சான்று எழுதினால் அவர்கள் பெயர் விட்டுப்போகும். 2016-இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற கொடுமைகளில் 3 லட்சம். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. பெயர் இல்லாத பெண்ணுக்கு இதில் ஒரு பைசா வராது. எனவே விசாரணையில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்: கல் யார் அறுத்தது, கூலி யார் கைக்கு வந்தது, சாவுக்கும் சந்தைக்கும் போக விட்டார்களா, அடித்தார்களா. பெண்களிடம் பெண் அதிகாரி கேட்டால்தான் பல விஷயங்கள் வெளியே வரும்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சான்று தெலுங்கில் வரும். அங்கே 'இன்டி பேரு', அதாவது குடும்பப் பெயர், கேட்பார்கள். நம்மவர்களுக்கு அது கிடையாது என்பதால் அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ அந்த இடத்தில் ஏறிவிடும். பிறகு ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போகாமல் பணம் திரும்பிப் போகும். ஊருக்கு வந்தபின் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும். தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அங்கேயே திருத்தி வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் கையோடு வரட்டும். மறுவாழ்வு தர வேண்டியது சொந்த மாவட்டக் கலெக்டர். அவரிடம் இரண்டையும் தமிழ் மொழிபெயர்ப்போடு கொடுங்கள்.

ஊருக்கு வந்த வாரமே சூளைக்காரரின் ஆள் பாக்கி கேட்டு வருவான். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போனது. அதை வசூலிப்பதே 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குடும்பத்துக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதாது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பாவம் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

பழங்குடிச் சான்று நம் பக்கத்து ஆர்.டி.ஓ.விடம், மிக ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு தாலுகா ஆபீசில் வாங்கிக் கொடுங்கள். மாதம் 35 கிலோ அரிசி உறுதியானால் பாதி பயம் போகும்.

மீண்டும் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மழையில் கூலி வேலை இருக்காது, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி பத்தாயிரத்தை நீட்டுவார். பொங்கல் கழிந்ததும் சூளை. உடனடி உதவித் தொகையில் ஒரு பகுதியை மழைக்காலத்துக்கென்று தனியே வைக்கச் சொல்லுங்கள். மறுவாழ்வு என்று எல்லாருக்கும் தையல் மெஷின் கொடுப்பதை நிறுத்தலாம். தைக்கத் துணி கொடுக்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? மரம் வெட்டத் தெரிந்த நாலு குடும்பம் சேர்ந்து சவுக்குத் தோப்பை வெட்டும் வேலையை உரிமையாளரிடமே நேராகப் பேசி எடுத்தால் மேஸ்திரிக்கு அங்கே இடமில்லை. முதல் தோப்புக்கு நீங்களும் அவர்களோடு போய், கூலியையும் நாளையும் தாளில் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

ஒன்று முதல் மூன்று லட்சம் வரையான அந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவைப் பொறுத்தது. தெலுங்கில் வரும் சம்மனைப் படிக்க ஆளில்லாமல் கூரையில் செருகிவிடுவார்கள், வழக்கு பிசுபிசுத்துப் போகும். சம்மன் வந்ததும் உங்களுக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அரசு வக்கீலிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். குடும்பத்துக்கென்று தனி வக்கீல் வேண்டுமானால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசம், எண் 15100. சாட்சி சொல்லப் போகும் நாளில் அவர்களுக்குக் கூலி போகிறது. பஸ் காசோடு அதையும் கணக்கில் சேருங்கள்.